அரை வினாடியில் அறிவது: லிபெட்டின் நூல் பற்றிச் சில கருத்துகள்

மூளையைப் பற்றிய நூல்களுள், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களே மிகுதியாக மேற்கோள் காட்டும் நூல் ஒன்று உண்டு. அமெரிக்க உடலியல் அறிஞர் பெஞ்சமின் லிபெட் தம் ஆராய்ச்சி வாழ்வின் முடிவில் எழுதி, ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மைண்ட் டைம்’ என்பதே அது. ‘மனத்தின் காலம்’ என்று தமிழில் சொல்லலாம். இந்நூலிலிருந்து பொதுமக்கள் எடுத்துக்கொண்ட செய்தி ஒன்றே ஒன்று: “ஒன்றைச் செய்ய நாம் எண்ணுவதற்கு முன்பே மூளை அதைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நாம் நினைத்துச் செய்கிறோம் என்பது வெறும் மயக்கம்.”

ஆசிரியர் கூடும் இடங்களுக்கும் இப்பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு மாணவன் அடுத்தவனை அடித்துவிட்டு, “என்னை அறியாமல் கை போய்விட்டது, ஐயா” என்கிறான். அவன் சொல்வதே அறிவியல் உண்மை, அப்படியிருக்க அவனைக் கண்டிப்பானேன் என்று வாதிட்ட இளம் ஆசிரியர் ஒருவரைக் கண்டிருக்கிறேன். நல்ல உள்ளம் படைத்தவர். பிள்ளைகளிடம் இரக்கம் உடையவர். ஆனால் அவர் கையில் இருந்தது லிபெட்டின் நூலன்று, நூலைப் பற்றி வேறொருவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. கண்டிப்பதா விடுவதா என்பதும், முயல்க என்று மாணவனிடம் சொல்வதில் பொருள் உண்டா என்பதும் ஒரு நூலைப் பொறுத்து அமையுமானால், அந்நூலை நாமே ஒருமுறை புரட்டிப் பார்ப்பது கடமையாகும்.

லிபெட் 1916-இல் சிக்காகோவில் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்து, 2007-இல் மறைந்தார். நூல் ஆறு இயல்களைக் கொண்டது. உலகைச் சுற்றி வந்த செய்தி நான்காம் இயலில் உள்ளது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்நூலின் உயிர் இரண்டாம், மூன்றாம் இயல்களில் இருக்கிறது. புகழ்பெற்ற நான்காம் இயலோ பிற்கால ஆய்வுகளால் பெரிதும் ஆட்டம் கண்டுவிட்டது. நம்மவர் கனியை எறிந்துவிட்டுத் தோலைச் சுவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே புகுமுன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூளையின் தொழிலை இருவகையாகப் பிரிக்கும்போது ‘நனவு’, ‘நனவிலி’ என எழுதுவது தமிழ் உளவியல் நூல்களின் வழக்கம். நனவு என்பது நம் பழைய இலக்கியத்தில் கனவுக்கு எதிர்ச்சொல். திருக்குறளில் ‘கனவுநிலை உரைத்தல்’ அதிகாரத்தைக் கற்பித்த ஆசிரியர்கள் இதை அறிவார்கள். விழித்திருப்பவன் நனவில் இருக்கிறான். ஆனால் லிபெட் பேசுவதோ விழித்திருப்பவனுக்குள்ளேயே, அவன் அறிந்தும் அறியாமலும் நிகழ்பவற்றைப் பற்றி. அவனை ‘நனவிலி’ என்றால் மயங்கிக் கிடக்கிறான் என்றே கேட்பவர் கொள்வர். ‘உணர்வு’ என்ற சொல்லும் பயன்படாது. தொடு உணர்வு, பசி உணர்வு, நாட்டுணர்வு என்று அதற்கு ஏற்கெனவே சுமை மிகுதி. நம் மக்களின் பேச்சில் ‘என்னை அறியாமல்’ என்றொரு தொடர் வாழ்கிறதே, அதுவே லிபெட்டின் கருத்துக்கு மிக அண்மையில் நிற்கிறது. ஆகவே இக்கட்டுரையில் அறிநிலை, அறியாநிலை என்றே எழுதுகிறேன்.

இனி, இரண்டாம் இயல். 1950-களின் பிற்பகுதியில் லிபெட்டுக்கு அரியதொரு வாய்ப்புக் கிட்டியது. பெர்ட்ரம் ஃபைன்ஸ்டைன் என்னும் மூளை அறுவை மருத்துவர், தம் நோயாளிகளிடம், அவர்கள் இசைவுடன், சிறு சோதனைகள் செய்ய இடம் கொடுத்தார். மண்டையின் மேற்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கையிலேயே இத்தகைய அறுவை நடக்கும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தொடு உணர்ச்சியை ஏற்கும் புறணிப் பகுதியில் மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தினால், கையில் ஏதோ ஊர்வது போலிருக்கிறது என்று நோயாளி சொல்வார்.

லிபெட் கண்டது இது. உணரத்தக்க அளவில் மிகக் குறைந்த வலிமையுள்ள மின்துடிப்பாயின், அது ஏறத்தாழ அரை வினாடி நேரம் தொடர்ந்தால்தான் நோயாளிக்கு எதுவும் தெரிகிறது. அதற்குள் நிறுத்திவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. தோலில் தொட்டால் ஒரே துடிப்புப் போதும். ஆயினும் அதை ‘அறிய’ மூளைக்கு அரை வினாடி அளவு வேலை தேவைப்படுகிறது என்று அவர் முடிவு கட்டினார். தோலில் தொட்டபின் சற்றே தாமதித்துப் புறணியில் மின்துடிப்புச் செலுத்தினால், முன்பு தொட்டதையே அறியாதபடி செய்ய முடிந்தது என்பது அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று. தொட்டது முன்னே, அழித்தது பின்னே. தொட்ட கணத்திலேயே அறிநிலை பிறந்திருக்குமானால் இது நடவாது.

அப்படியானால் நாம் எல்லாவற்றையும் அரை வினாடி பிந்தியே உணர வேண்டும் அல்லவா? அப்படித் தோன்றவில்லையே? மூளை, தனக்குச் செய்தி வந்து சேர்ந்த முதற்கணத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பிந்திப் பிறந்த அறிவை அக்கணத்துக்கே முன்தேதியிட்டு விடுகிறது என்பது லிபெட்டின் விடை. இதுபற்றிய வழக்கு நீண்டது. நியூசிலாந்தின் சூசன் பொக்கெட் 2002-இல் லிபெட்டின் அதே தரவுகளை எடுத்து, அரை வினாடி என்பது மிகை என்று வாதிட்டார். புறணியை நேரே மின்னால் தூண்டுவது இயற்கையான தொடுகையன்று. அதிலிருந்து இயற்கைக்கு அளவு சொல்வதில் இடர் உண்டு. அரை வினாடி என்ற எண்ணை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அறிநிலை பிந்தி வருகிறது என்னும் அடிப்படை நிற்கிறது. பிரான்சின் ஸ்தானிஸ்லாஸ் டெஹான் வேறு வழியில், திரையில் மின்னி மறையும் சொற்களைக் கொண்டு ஆராய்ந்தவர். ஒரு சொல்லைக் கண்டதாக ஒருவர் சொல்லும்போது மட்டும் தோன்றும் பெரிய மின்னலை, சொல் தோன்றி ஏறத்தாழ வினாடியில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தே எழுகிறது என்று 2014-இல் வெளிவந்த தம் நூலில் எழுதுகிறார்.

இதற்கிடையில் உடல் காத்துக்கொண்டிருப்பதில்லை. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்தபின் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கிளம்புபவரைத் தவறான தொடக்கம் என்று நீக்குவர். அதற்குச் சற்று மேலே, அரை வினாடிக்கு வெகு முன்னரே, நல்ல ஓட்டக்காரர் கிளம்பிவிடுகிறார். பூப்பந்தில் வலைக்கருகே நிற்பவர் எதிரியின் அடியைத் திருப்புவதும், தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளில் செல்பவர் குறுக்கே பாய்ந்த நாய்க்குப் ‘பிரேக்’ போடுவதும் இவ்வகையே. செய்து முடித்தபின்தான் ‘நாய்’ என்ற அறிவே வருகிறது. இருபது ஆண்டு பால்மரம் வெட்டிய தாய்மாரின் கை, பட்டையில் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு மரத்திலும் யோசித்தா செய்கிறது?

மூன்றாம் இயலில் வரும் சோதனைதான் இந்நூலில் எனக்கு மிகச் சிறந்ததாகப் படுவது. லிபெட்டும் உடனுழைப்பாளரும் 1991-இல் வெளியிட்டது. உலகம் பெரிதாகப் பேசாதது.

தீராத வலிக்காகச் சிலருக்கு மூளையின் உட்பகுதியான தலாமசில் நிலையாக மின்கம்பி பொருத்துவர். அத்தகையோர் முன் இரண்டு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். ஏதேனும் ஒன்று எரியும்போது மட்டும் கம்பி வழியே மின்துடிப்புச் செல்லும். எந்த விளக்கின்போது சென்றது என்று அவர் சொல்லியே ஆக வேண்டும். தெரியாவிட்டாலும் ஊகித்துச் சொல்ல வேண்டும். பிறகு, ‘உணர்ந்தேன்’, ‘ஐயமாக இருந்தது’, ‘ஒன்றும் உணரவில்லை’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். மின்துடிப்பின் வலிமை மாறாது. அது தொடரும் நேரம் மட்டும் ஒன்றுமில்லாததிலிருந்து முக்கால் வினாடி வரை மாற்றப்பட்டது.

வெறும் ஊகமானால் பாதிக்குப் பாதிதான் சரியாகும். ஆனால் ‘ஒன்றும் உணரவில்லை’ என்று அவர்கள் குறித்த வேளைகளிலும், விடை பாதிக்கு மேல் கணிசமாகச் சரியாக இருந்தது. மூளை கண்டுகொண்டது, மனிதர் அறியவில்லை. அதே இடத்தில், அதே வலிமையில், துடிப்பை இன்னும் ஏறத்தாழ 0.4 வினாடி நீட்டியபோது, அறியாமல் சரியாகச் சொன்னவர் அறிந்து சரியாகச் சொன்னார்.

இதன் அருமையை வேறொரு புகழ்பெற்ற ஆய்வோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் 1974-இல் டி.பி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அறுவையில் பின்மூளையின் வலப்புறப் பார்வைப் பகுதி நீக்கப்பட்டதால், அவருக்கு இடப்புறக் காட்சி இல்லை. ஆயினும், அப்பக்கம் வைத்த ஒளி எங்கே என்று ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகக் காட்டினார். “நான் ஒன்றும் பார்க்கவில்லை” என்றும் சொன்னார். வியப்புக்குரியதே. ஆனால் அங்கே மூளையின் ஒரு பகுதியே இல்லை. ஆகவே அறிநிலை ஒரு வீட்டில் குடியிருக்கிறது, அறியாநிலை வேறு வீட்டில் குடியிருக்கிறது, ஒரு வீடு இடிந்தது என்று எளிதில் விளக்கிவிடலாம். லிபெட்டின் சோதனையில் அந்த விளக்கத்துக்கு இடம் குறைவு. கம்பி ஒன்று, முனை ஒன்று, வலிமை ஒன்று. வேறுபட்டது கால நீளம் மட்டும். அறியாநிலையில் இருக்கும் ஒரு நிகழ்ச்சி போதிய காலம் நீடித்தால், அதுவே அறிநிலை ஆகிறது. இரண்டும் இரு வேறு சாதிகளல்ல, ஒரே மரத்தின் பிஞ்சும் கனியும் என்று சொல்லத் தோன்றுகிறது.

குறை இல்லாமலில்லை. துடிப்பு நீளும்போது மொத்தத் தூண்டுதலும் கூடிக்கொண்டே போகிறது. மாற்றத்தைச் செய்தது காலமா, சேர்ந்த அளவா? நூலில் இதற்குத் தெளிவான விடை இல்லை. மேலும் ‘ஒன்றும் உணரவில்லை’ என்று சொல்வதில் மனிதருக்கு மனிதர் கூச்சம் வேறுபடும். மங்கலாகத் தெரிந்ததை ஒருவர் ‘ஐயம்’ என்பார், மற்றவர் ‘இல்லை’ என்பார்.

தமிழாசிரியர்களுக்கு இவ்விரண்டாவது குறை புதிதன்று. ‘மணம்’ என்பதில் ணகரமா னகரமா என்று ஓர் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். சரியாகச் சொல்லும். ஏன் என்றால், “தெரியாது ஐயா, சும்மா சொன்னேன்” என்னும். பத்துச் சொல் கேட்டால் எட்டுச் சரியாக இருக்கும். சும்மா சொன்னால் எட்டு வருமா? தலாமசு நோயாளியும் இப்பிள்ளையும் ஒன்றல்லர். நோயாளி அறியாதது தூண்டுதலையே. பிள்ளை அறியாதது தன் விடைக்கான காரணத்தை. ஆயினும் வாயால் சொல்ல முடியாத அறிவு விடையில் வெளிப்படுவது இரண்டிலும் உண்டு. விதி சொல்லத் தெரியாதவனுக்கு ஒன்றும் தெரியாது என்று மதிப்பெண் குறைக்கும் நம் வழக்கத்தைப் பற்றி இந்த மூன்றாம் இயல் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

இனி, புகழ் பெற்ற நான்காம் இயலுக்கு வருவோம். 1978-இல் ஃபைன்ஸ்டைன் மறைந்தபின், மூளையை நேரே தொடும் வாய்ப்பு லிபெட்டுக்கு அருகியது. அவர் தலைக்கு வெளியே இருந்து அளக்கத்தக்க ஒன்றை எடுத்துக்கொண்டார். ஜெர்மானிய அறிஞர்களான கோர்ன்ஹூபரும் டீக்கேயும் 1965-இல், ஒருவர் தாமாகக் கையை அசைக்கும் முன் மண்டையின் மேல் மெல்ல எழும் ஒரு மின்னலையைக் கண்டிருந்தனர். ஆயத்த அலை என்போம். செய்ய வேண்டும் என்ற எண்ணம் இவ்வலைக்கு முன் தோன்றுகிறதா, பின்னா? இதுவே லிபெட்டின் வினா. வினா அழகானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்லூரி மாணவர் சிலரை அமர்த்தி, ஒளிப்புள்ளி ஒன்று கடிகார முள்போல் 2.56 வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும் முகப்பைக் காட்டினார். எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை மடக்குங்கள். மடக்க வேண்டும் என்ற உந்தல் முதலில் தெரிந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்லுங்கள் என்றார். 1983-இல் வெளிவந்த முடிவு: ஆயத்த அலை அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிவினாடி முன் தொடங்கியது, உந்தல் தெரிந்ததாக மாணவர் சொன்னது 200 மில்லிவினாடி முன். அவர்கள் நேரம் சொல்வதில் உள்ள பிழையைத் திருத்தினால் 150 ஆகும். மில்லிவினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, மூளை முந்திக்கொண்டது; எண்ணம் பின்னால் வந்தது.

இதில் என் ஐயங்கள் சில. முதலாவது, அந்தக் கடிகாரம். முகப்பில் ஒரு சிறு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே புள்ளி ஓடும் நேரம் 43 மில்லிவினாடி. உள்ளத்தில் உந்தல் எழுந்ததையும் வெளியே புள்ளி நின்ற இடத்தையும் ஒரே நேரத்தில் கவனித்து ஒட்டுவது எளிய காரியமா? அதன்மேல் ஒரு பெரிய முடிவைத் தூக்கி வைத்தால் தாங்குமா? இரண்டாவது, மாணவர்கள் முடிவெடுத்தது எப்போது? சோதனைக்கு இசைந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதே மணிக்கட்டை மடக்குவது என்று அறிந்தே முடிவெடுத்துவிட்டார்கள். மிஞ்சியது எந்தக் கணம் என்பது மட்டும். மூன்றாவது, ‘உந்தல்’ என்ற சொல்லே. தும்மல் வருவதுபோல் ஒன்று வரும், அதற்குக் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு, அது தானே வந்தது பாருங்கள் என்பது எவ்வளவு தூரம் நியாயம்?

பெரிய அடி 2012-இல் விழுந்தது. ஆயத்த அலை ஒரு தடவையில் தெளிவாகத் தெரியாது; நாற்பது அசைவுகளை எடுத்து, அசைவு நிகழ்ந்த கணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சராசரி காண வேண்டும். ஆரன் ஷர்கரும் அவர் தோழர்களும் இங்கேதான் கை வைத்தனர். சும்மா இருக்கும் மூளையிலும் மின்னியக்கம் கடலலைபோல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் அசை என்று சொல்லப்பட்டவனுக்கு இப்போது அசைய ஒரு காரணமும் இல்லை. எனவே தற்செயலான ஏற்றம் ஒன்று எல்லையைத் தாண்டும்போது கை அசைகிறது. கிழக்குக் கரையில் ஆறு கரை புரண்ட நாற்பது நாள்களை மட்டும் எடுத்து அவற்றின் முந்திய நாள்களைச் சராசரி பார்த்தால், நீர் படிப்படியாக உயர்ந்ததாகத்தான் படம் வரும். கரை புரள ஆறு மூன்று நாள் முன்பே முடிவு செய்தது என்று யாரேனும் சொல்வார்களா? 550 மில்லிவினாடி முன் தொடங்கியது ‘முடிவு’ என்று கொள்ள வேண்டியதில்லை. இவர்களுக்கு முன்பே, 2010-இல், ட்ரெவீனா, மில்லர் என்ற இருவர், அசைப்பது என்று முடிவெடுப்பதற்கு முன்னும் அசைப்பதில்லை என்று முடிவெடுப்பதற்கு முன்னும் மூளையின் மின்குறியில் எதிர்பார்த்த வேறுபாடு இல்லை என்று காட்டியிருந்தனர்.

லிபெட்டின் பக்கம் பேசுவோர் 2008-ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வைச் சுட்டுவார்கள். இடப்பொத்தானா வலப்பொத்தானா என்பதைச் சில வினாடிகள் முன்பே மூளைப் படத்திலிருந்து கூறினார்கள் என்பது உண்மையே. ஆனால் அக்கூற்றுச் சரியானது நூற்றுக்கு அறுபது அளவில்தான். காசைச் சுண்டினாலே ஐம்பது வரும்.

ஆசிரியர்களுக்கு எல்லாவற்றினும் முக்கியமானது 2019-இல் வெளிவந்த ஊரி மாவோஸ் குழுவினரின் ஆய்வு என்பேன். ஆயிரம் டாலர் நன்கொடை இரண்டு தொண்டு அமைப்புகளில் எதற்குப் போக வேண்டும் என்று சிலரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒருவகைத் தேர்வில் அவர்கள் முடிவு உண்மையிலேயே பொருட்படுத்தப்படும். மற்றொருவகையில் எதைத் தொட்டாலும் இரண்டுக்கும் ஒரே பங்கு. பொருளில்லாத தேர்வில் ஆயத்த அலை வழக்கம்போல் எழுந்தது. பொருளுள்ள தேர்விலோ அது பெரும்பாலும் காணப்படவில்லை. மணிக்கட்டு மடக்கலில் கண்டதை மனிதனின் முடிவுகள் அனைத்துக்கும் நீட்டியது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இருப்பினும், கண் இமைக்கும் நேரத்தில் கை போய்விட்டது என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்கிறான் என்றும் கொள்ளக்கூடாது. கை போனது அவனை அறியாமலே இருக்கலாம். நேற்று மாலையிலிருந்து பகை வளர்த்துவந்தது அவனை அறியாமலா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். ‘எல்லாம் மயக்கம்’ என்று லிபெட் சொல்லவே இல்லை. உந்தல் தெரிந்த கணத்துக்கும் அசைவுக்கும் இடையே உள்ள சிறு பொழுதில், செயலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நமக்கு உண்டு என்று இதே இயலில் வற்புறுத்துகிறார். மேற்கோள் காட்டுவோர் இப்பகுதியை விட்டுவிடுவது ஏன் என்று தெரியவில்லை. பெர்லினில் 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆயத்த அலை தொடங்கிய பின்னும், அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிவினாடி முன்வரை மனிதர் தம் செயலை நிறுத்திக்கொள்ள இயலும் என்று காட்டி அவருக்குப் பாதித் துணை நிற்கிறது. ஆனால் இந்தத் தடைக்கு மட்டும் அறியாநிலை முன்னோடி எதுவும் வேண்டியதில்லை என்று லிபெட் சொல்வது ஏற்கத்தக்கதாக இல்லை. எல்லா அறிவும் பிந்தியே பிறக்கிறது என்று இரண்டு இயல் எழுதியவர், தமக்கு வேண்டிய ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறார்.

ஐந்தாம் இயலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூளையிலிருந்து எழும் ஒருவகை ‘மனப்புலம்’ உண்டு. புறணியில் ஒரு துண்டை, உயிரோடு, ஆனால் மற்றப் பகுதிகளோடு தொடர்பறுத்து வைத்துத் தூண்டினால் அவர் அதை உணர்கிறாரா என்று பார்க்கலாம் என்கிறார். சோதனையின் திட்டம் இருக்கிறது, முடிவு இல்லை. இறுதி இயலில் டேக்கார்ட்டோடு நடத்துவதாக எழுதிய கற்பனை உரையாடல் சுவையானது. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

மொழிநடை எளிது. கணக்கு அச்சுறுத்தாது. ஆங்கிலம் வாசிக்கும் ஆசிரியர் எவரும் இரண்டு வாரத்தில் முடிக்கலாம். மூன்றாம் இயலை முதலில் படிப்பது நலம். இதைத் தமிழாக்க யாரேனும் முன்வந்தால் நான்காம் இயலை மட்டும் தனியே பெயர்த்து வெளியிட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அப்படியும் வெளியிடுவாராயின், 2012, 2019 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகளை அடிக்குறிப்பாகவேனும் அவர் சேர்த்தாக வேண்டும்.